சர்வர் சந்தேகங்கள்: இடம் மாற்றும்போது எது உடையும், ஏன்?

சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்தது. மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 5.7 வெர்ஷனுக்கு அதற்கு முன்பே, 2023 அக்டோபரில், முடிந்துவிட்டது. 8.0க்கு 2026 ஏப்ரல்தான் கெடு. அதனால் இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாறுவது பற்றியவை. கமாண்டுகளை உச்சரிப்பில் தந்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பதிப்பகத்தின் இணையதளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றினோம். புத்தகத் தலைப்புகளில் தமிழ் இல்லை. மேலே கோடு போட்ட சின்ன ‘ஏ’ எழுத்தும், வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட பதிவுக்குறியும் வரிசையாக வருகின்றன. ஒரு நண்பர் ஏதோ செய்து சரிசெய்தார். இப்போது தமிழ் தெரிகிறது, ஆனால் புள்ளி வைத்த எழுத்துகளும் ‘கு’, ‘து’ போன்றவையும் மட்டும் உடைந்திருக்கின்றன. (பதிப்பக ஊழியர், மதுரை)

பதில்: முதல் வேலை, பழைய சர்வரின் சந்தாவை நிறுத்தாதீர்கள். உங்கள் புள்ளிகள் இப்போது அங்கே மட்டும்தான் இருக்கின்றன.

நடந்தது இதுதான். எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இன்று வழக்கிலுள்ள தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். ‘தமிழ்’ என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறியீடு, 15 பைட். இந்தக் குறியீடுகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் (பதினாறடிமான எண்ணில்) ஈ0, இரண்டாவது ஏஈ அல்லது ஏஎஃப். இந்த பைட்டுகளை ஒருவர் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 முறை என்று நினைத்துப் படித்தால் ஈ0 கோடு போட்ட ‘ஏ’ ஆகும், ஏஈ பதிவுக்குறி ஆகும். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

பழைய சர்வரில் டேபிள் லத்தீன்1ஆக இருந்திருக்கும், இணையதளமும் லத்தீன்1 இணைப்பில்தான் பேசியிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே தவறு என்பதால் பைட்டுகள் மாறாமல் போய் வந்தன; பக்கத்திலும் தமிழ் சரியாகத் தெரிந்தது. புதிய சர்வரின் இணைப்பு யூடிஎஃப்8எம்பி4 (முழு யூடிஎஃப்-8க்கு மைஎஸ்க்யூஎல் வைத்த பெயர்) ஆனதும் குட்டு உடைந்தது.

புள்ளி மட்டும் ஏன் போனது? லத்தீன்1இன் விண்டோஸ் வடிவமான விண்டோஸ்-1252 என்ற எழுத்து அட்டவணையில் ஐந்து கட்டங்கள் காலி: 81, 8டி, 8எஃப், 90, 9டி. புள்ளியின் கடைசி பைட் 8டி. உகரக் குறியின் கடைசி பைட் 81. ‘ஏ’ 8எஃப்-இலும் ‘ஐ’ 90-இலும் முடிகின்றன. மைஎஸ்க்யூஎல்லின் லத்தீன்1 இந்தக் காலிக் கட்டங்களையும் விட்டுவிடாமல் காப்பாற்றும். விண்டோஸில் டம்ப் ஃபைலை (டேட்டாபேஸிலிருந்து எடுத்த முழு நகல்) ஒரு எடிட்டரில் திறந்து, எழுத்துமுறையை மாற்றிச் சேமித்தால் அந்தக் காப்பு கிடையாது. கட்டம் காலியென்று கேள்விக்குறி போட்டுவிடும். உங்கள் நண்பர் செய்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஏகார, ஐகாரத்தில் தொடங்கும் சொற்களையும் பாருங்கள், அவையும் போயிருக்கும். டம்ப் ஃபைலை எடிட்டரில் திறந்து சேமிக்கவே கூடாது.

இனி, பழைய சர்வரிலிருந்து புதிதாக எடுத்த பிரதியில் இதைச் செய்யுங்கள். தமிழ்த் தலைப்புள்ள ஒரு வரியை எடுத்து ‘செலக்ட் ஹெக்ஸ்’ கொடுத்து உள்ளே இருக்கும் பைட்டைப் பாருங்கள். திரையை நம்பாதீர்கள்; திரை வரைக்கும் வருவதற்குள் இரண்டு மூன்று மாற்றங்கள் நடந்திருக்கும்.

ஈ0ஏஈ என்று தொடங்கி, நெடுவரிசை லத்தீன்1 என்று இருந்தால் சரக்கு நல்ல சரக்கு, ஒட்டிய சீட்டு மட்டும் தவறு. ஆல்டர் டேபிளில் அந்த நெடுவரிசையை முதலில் வார்பைனரி 255 ஆக்குங்கள், பிறகு வார்சார் 255, யூடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள். டெக்ஸ்ட் என்றால் பிளாப் ஆக்கித் திருப்புங்கள். பைனரி வழியாகப் போனால் பைட்டைத் தொடாமல் சீட்டு மட்டும் மாறும். நேரடியாக ‘கன்வர்ட் டு கேரக்டர் செட்’ கொடுத்துவிட்டால் தவறான ஒவ்வொரு பைட்டும் தனித்தனி எழுத்தாக மறுபடி மாற்றப்பட்டு, இரட்டைக் குழப்பம் ஆகிவிடும். மாடிஃபை கொடுக்கும்போது நாட் நல், டிஃபால்ட் இரண்டையும் திரும்ப எழுத வேண்டும், இல்லையென்றால் அவை காணாமல் போகும். இந்தப் படியில் 1366 என்ற பிழை வந்தால் பயப்பட வேண்டாம். லத்தீன்1இல் 255 என்பது 255 பைட், அதாவது 85 தமிழ்க் குறியீடுதான். அதைவிட நீளமான தலைப்புகள் அன்றே எழுத்தின் நடுவில் வெட்டுப்பட்டிருக்கலாம். அந்த வரிகளைத் தேடி, அரைகுறையாக நிற்கும் கடைசி ஒன்றிரண்டு பைட்டை நீக்கிவிட்டுத் தொடருங்கள்.

சி3ஏ0சி2ஏஈ என்று இருந்தால் இரட்டைக் குழப்பம் ஏற்கெனவே நடந்துவிட்டது. அதையும் மீட்கலாம்: நெடுவரிசையை லத்தீன்1ஆக கன்வர்ட், அதை பைனரியாக காஸ்ட், அதை யூடிஎஃப்8எம்பி4ஆக கன்வர்ட் என்று ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து அப்டேட் செய்யுங்கள். வேர் நிபந்தனையில் ‘ஹெக்ஸில் சி3ஏ0சி2 இருக்கும் வரிகள் மட்டும்’ என்று கட்டாயம் போடுங்கள். மாற்றத்துக்குப் பிறகு சரியாகப் பதிவான புதிய வரிகளும் அதே டேபிளில் இருக்கும். நிபந்தனை இல்லாமல் ஓட்டினால் அவை கேள்விக்குறியாகிவிடும்.

3எஃப் 3எஃப் என்று இருந்தால் அது நிஜக் கேள்விக்குறி. அதற்கு மருந்து இல்லை, பழைய பேக்கப்தான் கதி.

கடைசியாக, இணையதள நிரலில் இணைப்பின் எழுத்துமுறையை யூடிஎஃப்8எம்பி4 என்று எழுதுங்கள். பழைய ‘யூடிஎஃப்8’ தமிழுக்குப் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது 3 பைட்டோடு நின்றுவிடும். எமோஜியையும், 2019இல் யூனிகோட் 12இல் சேர்ந்த பழந்தமிழ்ப் பின்னக் குறிகளையும் ஏற்காது. ஒரு பதிப்பகத்துக்கு அந்தப் பின்னக் குறிகள் என்றாவது தேவைப்படும்.

கேள்வி: ஆன்லைனில் ஆர்டர் வாங்கும் தளம். படங்கள் 40 ஜிபி, டேட்டாபேஸ் 6 ஜிபி. சர்வர் மாற்ற ஒரு நாள் முழுக்கக் கடையை மூடச் சொல்கிறார் தொழில்நுட்பர். அவ்வளவு வேண்டுமா? (ஜவுளி விற்பனையாளர், ஈரோடு)

பதில்: வேண்டாம். 40 ஜிபி படத்துக்காக ஒரு நிமிடம்கூட மூடத் தேவையில்லை. மூடும் நேரத்தைத் தீர்மானிப்பது அந்த 6 ஜிபி மட்டும்தான், அதையும் முன்கூட்டியே கடிகாரம் வைத்து அளந்துவிடலாம்.

ஒரு வாரம் முன்பே படங்களை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கமாண்டில் அனுப்பத் தொடங்குங்கள். முதல் ஓட்டம் மணிக்கணக்கில் ஆகும், ஆகட்டும். மாற்றும் இரவில் ஓட்டும் இரண்டாவது ஓட்டம் புதிதாக வந்த படங்களை மட்டும் எடுத்துச்செல்லும். சில நிமிடத்தில் முடியும். அனுப்பும் ஃபோல்டர் பெயரின் கடைசியில் சாய்கோடு இருந்தால் உள்ளிருப்பவை மட்டும் போகும், இல்லாவிட்டால் ஃபோல்டரே போய் உள்ளே இன்னொரு ஃபோல்டர் உருவாகும். டெலீட் ஆப்ஷன் சேர்க்கும் முன் டிரை-ரன் வைத்துப் பாருங்கள். இந்தச் சாய்கோடு மாறியதால் அழிந்த படங்கள் ஏராளம்.

டேட்டாபேஸுக்கு ஒரு முழு ஒத்திகை. மைஎஸ்க்யூஎல்டம்ப்பில் சிங்கிள்-டிரான்ஸாக்‌ஷன், ரொட்டீன்ஸ், ஈவென்ட்ஸ், ஹெக்ஸ்-பிளாப் நான்கையும் கொடுங்கள். டிரிகர்கள் தாமாகவே வரும். ரொட்டீன்களும் ஈவென்ட்களும் கேட்டால்தான் வரும். சிங்கிள்-டிரான்ஸாக்‌ஷன் இன்னோடிபி வகை டேபிளுக்கு மட்டுமே பொருந்தும். பழைய தளம் என்றால் மைஐஸாம் என்ற பழைய வகை டேபிள்கள் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும், அவற்றை முதலில் இன்னோடிபிக்கு மாற்றுங்கள். டம்ப்பை நேராக ஜிஜிப் என்ற சுருக்கும் கமாண்டுக்குள் குழாய் போட்டு அனுப்பினால், டம்ப் பாதியில் செத்தாலும் ஜிஜிப் நல்லபடியாக முடிந்தது என்றே சொல்லும். ஸ்கிரிப்டின் தலையில் ‘செட் மைனஸ் ஓ பைப்ஃபெயில்’ போடுங்கள். ஃபைலின் கடைசி வரியில் ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புதிய சர்வரில் ஏற்றும் முன் இன்னோடிபி பஃபர் பூல் (டேட்டாவை நினைவகத்தில் வைக்கும் இடம்) அளவை உயர்த்துங்கள். அதன் இயல்பு அளவு 128 எம்பிதான். அதை வைத்து 6 ஜிபி ஏற்றினால் விடிந்துவிடும். டம்ப் எடுத்து ஏற்றி முடிக்க எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தோடு சோதனைக்கு 20 நிமிடம் சேர்த்தால் அதுதான் கடை மூடும் நேரம். மைஎஸ்க்யூஎல் ஷெல்லின் டம்ப், லோடு வசதிகள் பல இழைகளில் ஓடுவதால் இந்த நேரம் இன்னும் குறையும். ஏற்றும் பக்கத்தில் லோக்கல் இன்ஃபைலை ஆன் செய்ய வேண்டும்.

ஒத்திகையில் பெரும்பாலும் வெளிப்படுவது 1449 என்ற பிழை. வியூ, புரொசீஜர் ஒவ்வொன்றிலும் அதை உருவாக்கிய யூசரின் பெயர் பதிந்திருக்கும். அந்த யூசர் புதிய சர்வரில் இல்லையென்றால் ஓடாது. யூசர்களைப் புதிதாகவே உருவாக்குங்கள். ‘மைஎஸ்க்யூஎல்’ என்ற உள் டேட்டாபேஸை வேறு வெர்ஷனுக்கு அப்படியே தூக்கிப்போடுவது தவறு.

மாற்றுவதற்கு ஒரு நாள் முன் டிஎன்எஸ்ஸில் (தளத்தின் பெயருக்கு ஐபி எண்ணைச் சொல்லும் பட்டியல்) டிடிஎல்லை, அதாவது அந்த விடையை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 நொடியாகக் குறையுங்கள். உங்கள் லேப்டாப்பின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் புதிய ஐபியை எழுதினால், உலகத்துக்குப் பழைய தளமும் உங்களுக்கு மட்டும் புதிய தளமும் தெரியும். ஒரு ஆர்டரைக் கடைசிவரை போட்டுப் பாருங்கள். பணம் கட்டும் நிறுவனத்திடம் புதிய ஐபியை முன்பே பதிய வேண்டியிருக்கும். அதை நள்ளிரவில் கண்டுபிடித்தால் பேச ஆள் கிடைக்காது.

அன்றிரவு வரிசை இப்படி: பழைய சர்வரின் கிரான் வேலைகளை (நேரம் வைத்துத் தானாக ஓடுபவை) நிறுத்துங்கள், தளத்தில் 503 பராமரிப்புப் பக்கம் போடுங்கள், டம்ப் எடுத்து ஏற்றுங்கள், ஆர்சிங்க்கின் கடைசி ஓட்டம், பிறகு சரிபார்ப்பு. இரண்டு பக்கமும் முக்கியமான ஐந்தாறு டேபிள்களில் கவுன்ட்டையும் அதிகபட்ச ஐடியையும் ஒப்பிடுங்கள். இன்ஃபர்மேஷன் ஸ்கீமா காட்டும் வரி எண்ணிக்கை வெறும் மதிப்பீடு, அது பெரும்பாலும் பொருந்தாது. பிறகு டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள்.

டிடிஎல்லை மதிக்காத இணைய நிறுவனங்கள் உண்டு. அவர்களுடைய வாடிக்கையாளர்கள் இன்னும் ஒரு நாள் பழைய ஐபிக்கே வருவார்கள். அதற்காகப் பழைய சர்வரின் என்ஜின்எக்ஸ் என்ற வெப்சர்வரில் புராக்ஸி-பாஸ் வைத்து, வருபவர்களைப் புதிய சர்வருக்கே அனுப்புங்கள். இதைச் செய்தால் பாதி ஆர்டர் இங்கே, பாதி அங்கே என்ற அவலம் நடக்காது. திரும்பிப் போவதென்றால் முதல் ஆர்டர் புதிய சர்வரில் விழுவதற்கு முன்புதான் போக முடியும். ‘இத்தனை மணிக்குள் சரியாகாவிட்டால் பழையதைத் திறக்கிறோம்’ என்று மாலையிலேயே எழுதி வைத்துவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் எடுக்கும் முடிவு இது அல்ல.

கேள்வி: 5.7இலிருந்து நேராக 8.4க்குப் போகலாமா? சோதனைக்கு ஏற்றிப் பார்த்தோம், பழைய பிஹெச்பி நிரல் லாகினே ஆகவில்லை. (கல்லூரி ஆய்வக உதவியாளர், திருச்சி)

பதில்: இருந்த இடத்திலேயே உயர்த்துவது என்றால் 8.0இல் ஒருமுறை நின்றுதான் போக வேண்டும். டம்ப் எடுத்து ஏற்றுவதென்றால் நேராகப் போகலாம், பிழைகளை ஒவ்வொன்றாகத் தீர்க்கும் பொறுமை வேண்டும். எப்படியானாலும் முதலில் மைஎஸ்க்யூஎல் ஷெல்லின் அப்கிரேட் செக்கரைப் பழைய சர்வரின் மேல் ஓட்டுங்கள். எந்த டேபிள், எந்த நெடுவரிசை இடிக்கும் என்று பட்டியல் தரும்.

லாகின் ஆகாததற்குக் காரணம், 8.0 முதல் இயல்பான கடவுச்சொல் முறை கேச்சிங்-எஸ்ஹெச்ஏ2. பழைய நேட்டிவ் முறை 8.4இல் அணைத்தே வரும், 9.0இல் எடுத்தேவிட்டார்கள். அதைத் திரும்ப ஆன் செய்வது தற்காலிகம்தான். பிஹெச்பியை உயர்த்துவதே வழி. 7.4க்கான ஆதரவே 2022 நவம்பரில் முடிந்துவிட்டது.

கல்லூரி நிரல்களில் கட்டாயம் மாட்டும் இன்னொன்று ‘ரேங்க்’ என்ற நெடுவரிசை. மதிப்பெண் பட்டியல் இருக்கும் இடத்தில் ரேங்க் இல்லாமல் இருக்குமா? 8.0இல் அது ஒதுக்கப்பட்ட சொல். ‘குரூப்ஸ்’, ‘சிஸ்டம்’ ஆகியவையும் அப்படியே. பேக்டிக் குறிகளுக்குள் போட வேண்டும். சத்தமில்லாமல் தவறாகும் ஒன்றும் உண்டு: 5.7இல் குரூப் பை கொடுத்தாலே வரிசைப்படியும் வந்தது, 8.0இல் வராது. ஆர்டர் பை எழுதாத அறிக்கைகள் எல்லாம் கலைந்து வரும், எந்தப் பிழையும் காட்டாது. மாதிரிக்குப் பழைய அறிக்கை ஒன்றை அச்செடுத்து வரிவரியாக ஒப்பிடுங்கள்.

கேள்வி: பிஹெச்பி வெர்ஷனை உயர்த்தியதும் 502 பேட் கேட்வே. (சென்னை)

பதில்: டெபியன், உபுண்டுவில் பிஹெச்பியை ஓட்டும் எஃப்பிஎம்மின் சாக்கெட் ஃபைலின் பெயரிலேயே வெர்ஷன் எண் இருக்கும். என்ஜின்எக்ஸ் இன்னும் பழைய பெயரைத் தேடுகிறது. ஃபாஸ்ட்சிஜிஐ-பாஸ் வரியில் எண்ணை மாற்றி, ‘என்ஜின்எக்ஸ் மைனஸ் டி’ ஓட்டிச் சோதித்து ரீலோட் செய்யுங்கள். எரர் லாகில் ‘பெர்மிஷன் டினைட்’ என்று வந்தால் பூல் ஃபைலில் லிசன் ஓனரும் என்ஜின்எக்ஸ் யூசரும் ஒன்றா என்று பாருங்கள். புதிய வெர்ஷனுக்குப் புதிய பிஹெச்பி.ஐஎன்ஐ என்பதால் நீங்கள் உயர்த்திவைத்திருந்த அப்லோட் அளவு பழையபடி 2 எம்பி ஆகியிருக்கும். அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: 2 ஜிபி நினைவகமுள்ள சர்வர். வாரத்தில் இரண்டு மூன்று இரவு மைஎஸ்க்யூஎல் தானாக நின்று மறுபடி எழுகிறது. எரர் லாகில் காரணமே இல்லை. (உள்ளூர்ச் செய்தித் தளம், நாகர்கோவில்)

பதில்: லாகில் காரணம் இல்லை என்பதே காரணத்தைச் சொல்கிறது. முறையாக நின்றிருந்தால் ‘ஷட்டவுன்’ என்று ஒரு வரி இருக்கும். அது இல்லாமல் நேராக ‘கிராஷ் ரிக்கவரி’ என்று தொடங்கினால், வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள். ‘டிமெசேஜ்’ ஓட்டி ‘கில்டு பிராசஸ்’ என்று தேடுங்கள். நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸ் கெர்னல் பெரும்பாலும் அதிகம் விழுங்கும் பிராசஸைக் கொல்லும்; உங்கள் சர்வரில் அது மைஎஸ்க்யூஎல்தான்.

ஆனால் பெரும்பாலும் குற்றவாளி மைஎஸ்க்யூஎல் இல்லை, பிஹெச்பி. எஃப்பிஎம் பூலில் ‘மேக்ஸ் சில்ட்ரன்’ (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பிஹெச்பி பிராசஸ்களின் உச்ச எண்ணிக்கை) எவ்வளவு என்று பாருங்கள். 50 என்று வைத்து, ஒவ்வொன்றும் 50 எம்பி எடுத்தால் 2,500 எம்பி. சர்வரின் மொத்தமே 2,048. சாதாரண நேரத்தில் ஏழெட்டு சில்ட்ரன்தான் ஓடும் என்பதால் பகலில் தெரியாது. இரவு 2 மணிக்கு பேக்கப், கிரான், தேடுபொறி பாட்கள் எல்லாம் சேர்ந்துகொள்ளும்போது தாங்காது.

கணக்கை இப்படிப் போடுங்கள். இயங்குதளத்துக்கும் என்ஜின்எக்ஸுக்கும் 300 எம்பி. பஃபர் பூலை 512 எம்பியாக வைத்தால் மைஎஸ்க்யூஎல் மொத்தமாக 800 வரை போகும். மீதி சுமார் 950. பிஎஸ் கமாண்டில் ஆர்எஸ்எஸ் (பிராசஸ் பிடித்துள்ள நினைவகம்) பார்த்து ஒரு பிஹெச்பி பிராசஸ் எவ்வளவு எடுக்கிறது என்று அளந்து வகுங்கள். 50 என்றால் 19 வரும். அதில் கொஞ்சம் கழித்து 14 வையுங்கள். வரிசையில் நின்று இரண்டு நொடி தாமதமாகப் பக்கம் கிடைப்பது, டேட்டாபேஸ் செத்து ஒன்றுமே கிடைக்காததைவிட எவ்வளவோ மேல். ‘மேக்ஸ் ரிக்வெஸ்ட்ஸ்’ 500 வைத்தால் கசியும் பிராசஸ்கள் அவ்வப்போது புதிதாகும். 2 ஜிபி ஸ்வாப்பும் (நினைவகம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிஸ்க் 100 சதவீதம். 12 ஜிபி லாக் ஃபைலை அழித்தும் இடம் வரவில்லை. (மென்பொருள் பயிற்சியாளர், யாழ்ப்பாணம்)

பதில்: அழித்தது பெயரைத்தான். என்ஜின்எக்ஸ் அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருக்கிறது; அது கைவிடும்வரை இடம் திரும்பாது. டிஸ்க் முழுவதையும் பார்க்கும் டிஎஃப் நிரம்பியதாகவும், ஃபைல்களைக் கூட்டிச் சொல்லும் டியூ காலியாகவும் காட்டினால் இதுதான். ‘எல்எஸ்ஓஎஃப் பிளஸ் எல்1’ கொடுத்தால் அப்படிப்பட்ட ஃபைல்களின் பட்டியல் வரும். என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யுங்கள். அடுத்த முறை அழிக்காமல் ‘டிரங்கேட்’ செய்து பூஜ்யமாக்குங்கள், லாக்ரொட்டேட் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்போதும் நிரம்பியிருந்தால் காரணம் மைஎஸ்க்யூஎல்லின் பைனரி லாக் (டேட்டாவில் நடந்த மாற்றங்களின் பதிவு). 8.0 முதல் அது தானாகவே ஆன், 30 நாள் வைத்திருக்கும். ரெப்ளிகாவும் (நகல் சர்வர்) குறிப்பிட்ட நேரத்து நிலைக்கு மீட்பதும் தேவையில்லாத தளத்துக்கு 3 நாள் போதும். ஃபைல்களைக் கையால் அழிக்காதீர்கள், உள்ளிருக்கும் பட்டியலோடு பொருந்தாமல் சர்வர் எழுந்திருக்க மறுக்கலாம். ‘பர்ஜ் பைனரி லாக்ஸ்’ கொடுங்கள். டேட்டா ஃபோல்டரில் பெரிதாக ‘ஐபிடேட்டா1’ என்று ஒன்று கண்ணில் படும். அதன் மேல் கை வைக்கவே கூடாது, அதுதான் இன்னோடிபியின் உயிர்நாடி.

டெலீட் கொடுத்து லட்சம் வரிகளை நீக்கினாலும் டேபிளின் ஃபைல் சுருங்காது. ஆப்டிமைஸ் டேபிள் சுருக்கும், ஆனால் முதலில் இன்னொரு பிரதி எழுதும். அதற்கு இடம் இல்லாத நேரத்தில் ஓட்டினால் நிலைமை மோசமாகும். டிஎஃப் இடம் இருக்கிறது என்று சொல்லியும் எழுத முடியவில்லையென்றால் ‘டிஎஃப் மைனஸ் ஐ’ பாருங்கள். லட்சக்கணக்கான செஷன் ஃபைல்கள் ஐநோடுகளை (ஃபைலுக்கு ஒன்று என ஒதுக்கும் இடங்கள்) தீர்த்திருக்கும்.

கேள்வி: லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டுவிட்டது என்று செர்ட்பாட் சொல்கிறது. பிரவுசரோ காலாவதி என்கிறது. (திருநெல்வேலி)

பதில்: டிஸ்கில் புதியது இருக்கிறது, என்ஜின்எக்ஸின் நினைவகத்தில் பழையது இருக்கிறது. சான்றிதழை அது தொடங்கும்போது ஒருமுறைதான் படிக்கும். ரீலோட் செய்தால் உடனே சரியாகும். நிரந்தரமாக, செர்ட்பாட்டில் டிப்ளாய்-ஹூக்காக ‘சிஸ்டம்சிடிஎல் ரீலோட் என்ஜின்எக்ஸ்’ வையுங்கள். வெப்ரூட் போன்ற, செர்ட்பாட் என்ஜின்எக்ஸைத் தொடாத முறைகளில் எடுத்தவர்களுக்குத்தான் இது நேரும். காலாவதியை நினைவூட்டும் மின்னஞ்சலை லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. நீங்களே ஒரு கண்காணிப்பு வைத்துக்கொள்ள வேண்டும். கணினியில் சரி, கைபேசிச் செயலியில் மட்டும் பிழை என்றால் ‘ஃபுல்செயின்’ ஃபைலுக்குப் பதில் ‘செர்ட்’ ஃபைலைக் கொடுத்திருக்கிறீர்கள்.

கேள்வி: போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸின் டேட்டா ஃபோல்டரை உபுண்டு 18.04இலிருந்து 22.04க்கு அப்படியே நகலெடுத்தோம். நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் யூனிக் இன்டெக்ஸ் இருந்தும் ஒரே மின்னஞ்சல் இரண்டு முறை பதிவாகிறது. (பெங்களூரு)

பதில்: இது ஆபத்தானது, இன்றே கவனியுங்கள். எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை போஸ்ட்கிரஸ் இயங்குதளத்தின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியிடம் கேட்கிறது. 2018இல் வந்த ஜிலிப்சி 2.28 அந்த வரிசையை மாற்றியது. 18.04இல் இருப்பது 2.27. முன்பு 11 முதலில், 1-1 அடுத்து. இப்போது 1-1 முதலில். இன்டெக்ஸ் பழைய வரிசையில் கட்டப்பட்டது, தேடுவது புதிய வரிசையில். அதனால் இருக்கும் மின்னஞ்சலே ‘இல்லை’ என்று பதில் வந்து, இரண்டாவது வரி உள்ளே நுழைகிறது. இடையில் சிறுகோடு உள்ள முகவரிகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பதிவுகளை நிறுத்துங்கள். இன்டெக்ஸ்ஸ்கேன், இன்டெக்ஸ்ஒன்லிஸ்கேன், பிட்மேப்ஸ்கேன் மூன்றையும் அந்த செஷனில் ஆஃப் செய்துவிட்டு, குரூப் பை, ஹேவிங் கவுன்ட் போட்டு இரட்டைகளைத் தேடுங்கள். ஆஃப் செய்யாவிட்டால் கெட்ட இன்டெக்ஸிடமே கேட்டதாகும். இரட்டைகளை இணைத்த பிறகு ‘ரீஇன்டெக்ஸ் டேட்டாபேஸ்’. போஸ்ட்கிரஸ் 15 அல்லது அதற்கு மேல் என்றால் ‘ரெஃப்ரெஷ் கொலேஷன் வெர்ஷன்’ கடைசியில். பிஜி-டம்ப் (போஸ்ட்கிரஸின் டம்ப் கமாண்ட்) வழியாக மாறியவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஏற்றும்போது இன்டெக்ஸ் புதிதாகவே கட்டப்படும்.

கேள்வி: தினமும் பேக்கப் ஓடுகிறது. வேறென்ன செய்ய வேண்டும்? (புதுச்சேரி)

பதில்: திருப்பி ஏற்றிப் பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டா ஃபோல்டரை அழித்தார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மிஞ்சியது. தினசரி பிஜி-டம்ப் இருந்தது. ஆனால் சர்வரில் போஸ்ட்கிரஸ் 9.6, டம்ப் எடுக்கும் நிரல் 9.2 என்பதால் அது தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் போனதால் யாருக்கும் தெரியவில்லை. தற்செயலாக 6 மணி நேரம் முன்பு எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. நடந்ததை அவர்கள் மறைக்காமல் வெளியிட்டதால் நமக்குத் தெரிகிறது.

வாரம் ஒருமுறை வேறொரு சிறிய இயந்திரத்தில் கிரான் வழியாகக் கடைசி பேக்கப்பை ஏற்றுங்கள். முக்கியமான டேபிளில் கடைசிப் பதிவின் தேதியை எடுத்து, அது நேற்றையதாக இல்லாவிட்டால் உங்கள் கைபேசிக்குச் செய்தி வரச் செய்யுங்கள். ‘எல்லாம் நலம்’ என்ற செய்தியும் வாரம் ஒருமுறை வரட்டும்; அது வராத வாரம் கண்காணிப்பே செத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு பிரதி சர்வருக்கு வெளியே, வேறு கணக்கில், சர்வரின் சாவியால் அழிக்க முடியாத இடத்தில் இருக்க வேண்டும். பேக்கப்பை மறைகுறியாக்கம் செய்தால் அதன் கடவுச்சொல்லை அதே சர்வரில் மட்டும் வைக்காதீர்கள். தாளில் எழுதி அலுவலகப் பெட்டியில் ஒன்று, வீட்டில் ஒன்று.